மேல்நீரைக் கொட்டுக, படிவைக் காக்க: நிசின் பிரித்தெடுக்கும் தாளுக்கு ஓர் உரை

சீஸ் பொட்டலத்தின் பின்புறம், சேர்மானப் பட்டியலின் கடைசியில், 234 என்ற எண்ணைச் சிலர் பார்த்திருக்கலாம். அது நிசின்: 34 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சிறு பெப்டைடு. பாலைப் புளிக்கவைக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியா, தன் உணவில் பங்குக்கு வரும் மற்ற பாக்டீரியாக்களைக் கொல்ல அதைச் சுரக்கிறது. நாம் அதை எடுத்து, உணவு கெடாமல் காக்கப் பயன்படுத்துகிறோம். 1969-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டாக நடத்தும் நிபுணர் குழு அதற்கு ஒப்புதல் தந்தது. 1988-இல் அமெரிக்காவும் ஏற்றது.

ஆய்வகத்தில் நிசினைப் பிரித்தெடுக்க ஒரு பக்கத் தாள் போதும். மாணவர்களுக்காக நான் எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருக்கும் தாளில் பத்தே வரிகள். எல்லாம் கட்டளைகள். காரணம் சொல்ல அதில் இடமில்லை. கட்டளைகளை மட்டும் பின்பற்றினாலும் பெரும்பாலும் பெப்டைடு கிடைத்துவிடும். கிடைக்காத நாளில்தான் சிக்கல். எந்த வரியில் பிசகியது என்று கண்டுபிடிக்க முடியாமல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள். அந்த வரிகளைக் கைவேலைக்கான குறிப்புகளாக மட்டும் நான் நினைக்கவில்லை. அந்தப் பாக்டீரியா எப்படி வாழ்கிறது என்பதைச் சுருக்கிச் சொல்பவை அவை. அதனால் தாளை வரி வரியாக எடுத்து, அதற்குள் இருப்பதை விரித்துச் சொல்கிறேன்.

«லாக்டோகாக்கஸ் லாக்டிஸ், நிசின் சுரக்கும் வகை. உறைநிலையிலிருந்து எடுத்து, இருமுறை புதுப்பித்த பின் விதைக்க.»

'நிசின் சுரக்கும் வகை' என்று குறித்துச் சொல்லக் காரணம், எல்லா லாக்டோகாக்கஸும் அதைச் சுரப்பதில்லை. நிசினுக்கு வேண்டிய 11 மரபணுக்கள் ஒரே கொத்தாக, இடம்விட்டு இடம் தாவக்கூடிய ஒரு டிஎன்ஏ துண்டில் இருக்கின்றன. அந்தத் துண்டு கிடைத்த வகைக்கு மட்டும் இந்த ஆயுதம் உண்டு. அதே துண்டில் சர்க்கரையை, அதாவது சுக்ரோஸை, உண்ணும் மரபணுக்களும் சேர்ந்து வருவது இன்னொரு வியப்பு.

இதை முதலில் கவனித்தவர்கள் ஒரு நற்பொருளைத் தேடிப் போனவர்கள் அல்லர். ஒரு தொல்லையின் காரணத்தைத் தேடினார்கள். 1928-இல் அமெரிக்காவில் ராஜர்ஸும் விட்டியரும், பால் பாக்டீரியாக்களில் சில மற்றப் பால் பாக்டீரியாக்களைத் தடுப்பதைக் கண்டார்கள். 1933-இல் நியூசிலாந்தில் சீஸ் செய்ய ஊற்றிய உறை சில பாலில் வேலை செய்யவே இல்லை. பாலில் ஏற்கெனவே இருந்த ஒரு பாக்டீரியா எதையோ சுரந்து உறையை முடக்குகிறது என்று ஒயிட்ஹெட் காட்டினார். அது புரத இயல்புடையது என்பதும் அப்போதே தெரிந்தது. இங்கிலாந்தில் ரெடிங் அருகே ஷின்ஃபீல்டிலிருந்த பால்வள ஆய்வு நிறுவனத்தில் மாட்டிக்கும் ஹிர்ஷும் 1944-இல் அதைத் தனியாக விவரித்து, 1947-இல் பெயரும் வைத்தார்கள். முதலில் அதை மருந்தாக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. நடக்காததற்கான காரணம் இந்தத் தாளின் ஐந்தாம் வரியிலேயே இருக்கிறது.

புதுப்பித்தல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளிசராலில் உறைந்து கிடந்த செல்கள் எழுந்து நடமாட நேரம் எடுக்கும். அந்தச் சோர்வோடு பெரிய குடுவைக்குள் போனால் அடுத்த வரிகளின் நேரக்கணக்கு எல்லாம் தவறும்.

«30 டிகிரி. குலுக்கற்க. பிஎச் 5.5-க்கும் 6-க்கும் நடுவே நிறுத்துக.»

30 டிகிரி என்பது நம் ஊரில் கவனம் தேவைப்படும் எண். சித்திரை வைகாசியில் ஆய்வக அறையே 35-ஐத் தாண்டிவிடும். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடேற்ற மட்டும்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. முகப்பில் 30 என்று வைத்துவிட்டுப் போனால் உள்ளே அறை வெப்பம்தான் இருக்கும். குளிர்விக்கும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டரில் வைக்க வேண்டும். இது பாலில் வாழும் பாக்டீரியா; நம் உடல் வெப்பம் அதற்கு உகந்ததல்ல.

குலுக்க வேண்டாம் என்பதற்குக் காரணம், இதற்குக் காற்று தேவையில்லை. காற்று கலந்தால் ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாக்கும். ஏழாம் வரியில் அது நம்மை ஏமாற்றப் பார்க்கும்.

பிஎச்சை ஏன் பிடித்து நிறுத்த வேண்டும்? விட்டுவிட்டால் இந்தப் பாக்டீரியா தான் உண்டாக்கும் லாக்டிக் அமிலத்திலேயே முடங்கிவிடும். சர்க்கரை மிச்சம் இருக்கும்போதே வளர்ச்சி நின்றுபோகும். அதனால் காரத்தைச் சொட்டவிட்டுக்கொண்டே இருக்கிறோம். 6-க்குக் கீழே வைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு: அங்கே சுரந்த நிசினில் 80 சதவீதத்துக்கு மேல் செல்லை விட்டு ஊடகத்துக்குள் வந்துவிடுகிறது. 6-க்கு மேலே போனால் செல்லோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த ஓர் இயல்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாளின் பாதி இதன்மேல்தான் நிற்கிறது.

«வளர்ச்சி தேங்கும் வேளையில் நிறுத்துக. மறுநாள் காலை வரை விடற்க.»

நிசின் வெளியே தோன்றும் வேளையைப் பாக்டீரியாவே தீர்மானிக்கிறது. செல்லின் வெளிப்புறத்தில் நிஸ்-கே என்ற உணர்வான் இருக்கிறது. அது தேடுவது வேறெதையும் அல்ல, நிசினையேதான். சுற்றிலும் நிசின் தட்டுப்பட்டால் உள்ளே நிஸ்-ஆர் என்ற புரதத்துக்குச் செய்தி போய், நிசின் மரபணுக்கள் இன்னும் வேகமாகப் படிக்கப்படும். செல்கள் அதிகமானால் நிசின் அதிகம். நிசின் அதிகமானால் உற்பத்தி மேலும் அதிகம். அதனால் வளர்ச்சியின் தொடக்கத்தில் கொஞ்சமாகவும், கடைசிக் கட்டத்தில் ஏராளமாகவும் கிடைக்கிறது.

செல்லுக்குள் அது உருவாகும் விதத்தைப் பற்றி இங்கே நின்று பேசாமல் போக எனக்கு மனமில்லை. ரைபோசோம் முதலில் செய்து தருவது 57 அமினோ அமிலங்கள் கொண்ட சாதாரணச் சங்கிலி. முன்னால் 23 தலைப்பகுதி. பின்னால் வரும் 34-தான் நிசின் ஆகப்போகிறது. அந்த 34-இல் செரினும் திரியோனினும் சேர்ந்து ஒன்பது இடங்கள். நிஸ்-பி என்ற நொதி அவற்றில் எட்டு இடங்களிலிருந்து தலா ஒரு நீர் மூலக்கூற்றை உருவி எடுக்கிறது. 29-ஆம் இடத்துச் செரின் மட்டும் தப்புகிறது. நீர் இழந்த எட்டில் ஐந்தை நிஸ்-சி என்ற நொதி, சங்கிலியில் இருக்கும் ஐந்து சிஸ்டீன்களோடு கந்தகப் பாலம் போட்டு இணைக்கிறது. ஐந்து வளையங்கள் கிடைத்துவிட்டன. பிறகு நிஸ்-டி அதை வெளியே தள்ளுகிறது. வெளியே காத்திருக்கும் நிஸ்-பி என்ற இன்னொரு புரதம் (முன்னது ஆங்கில B, இது P) தலைப்பகுதியை வெட்டி விடுகிறது. அந்த வெட்டு விழும் வரை நிசினுக்குக் கொல்லும் திறனே இல்லை. செய்பவரின் வீட்டுக்குள் ஆயுதம் கூர்தீட்டப்படுவதில்லை.

வெளியே வந்தபின் அது செய்தவரையே தாக்காதா என்ற கேள்வி எழும். தாக்காமலிருக்க இரண்டு காவல்கள் உண்டு. நிஸ்-ஐ என்ற புரதம் செல்லின் மேற்பரப்பில் நின்று, நெருங்கும் நிசினைப் பிடித்துக்கொள்கிறது. சவ்வை அடைந்துவிட்டதை இன்னொரு புரதக் கூட்டம் வெளியே இறைத்துவிடுகிறது.

இனி 'மறுநாள் காலை வரை விடற்க'. மாலையில் விதைத்துவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் சாவகாசமாக வந்து எடுப்பதுதான் பெரும்பாலான மாணவர் பழக்கம். ஆனால் வளர்ச்சி நின்ற குடுவையில் செல்கள் சிதையத் தொடங்கும், புரதம் அறுக்கும் நொதிகள் வெளியே வரும், நிசின் குறையும். எனவே விதைக்கும் நேரத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

«70 டிகிரி, 25 நிமிடம். செல்களோடு சேர்த்தே சூடாக்குக.»

செல்களைக் கொன்று, அமிலச் சுரப்பையும் நொதிகளையும் நிறுத்துவதற்காக. அமிலம் இருக்கும் வரை நிசினுக்குச் சூட்டைப் பற்றிக் கவலையில்லை. பிஎச் 2-இல் ஆட்டோகிளேவின் 121 டிகிரியையும் தாங்கும். நடுநிலையில் அதே சூடு அதை அழித்துவிடும். ஆகவே இந்த வரியும் அடுத்த வரியும் இடம் மாறக் கூடாது. முதலில் சூடு, பிறகு பிஎச் உயர்வு.

«பிஎச் 6.5-க்கு உயர்த்துக. அரை மணி கலக்குக. சுழற்றுக. மேல்நீரைக் கொட்டுக, படிவைக் காக்க.»

புதிதாக வருபவர் கை தயங்கும் வரி இது. சுரந்த பொருள் ஊடகத்தில் இருக்கிறது, செல்கள் கழிவு என்றுதான் எல்லாப் பாடத்திலும் படித்திருக்கிறார்கள். இங்கே ஊடகத்தைத் தொட்டியில் கொட்டச் சொல்கிறேன்.

நிசின் நேர்மின்னூட்டம் உள்ளது. மூன்று லைசின்கள், இரண்டு ஹிஸ்டிடின்கள், சங்கிலியின் தலைமுனை ஆகியவை அதற்குக் காரணம். செல்சுவரோ எதிர்மின்னூட்டம் உள்ளது. அதில் பாஸ்பேட்டுகளும் கார்பாக்ஸில்களும் நிறைந்திருக்கின்றன. பிஎச் ஏற ஏறச் சுவரின் எதிர்மின்னூட்டம் கூடுகிறது. அதே நேரத்தில் நிசினின் கரைதிறன் சரிகிறது. பிஎச் 2-இல் ஒரு மில்லியில் 57 மில்லிகிராம் கரைவது, பிஎச் 6-இல் ஒன்றரை மில்லிகிராம்தான் கரையும், 8.5-இல் கால் மில்லிகிராம். நீரில் நிற்க இடம் குறைந்து, சுவரின் இழுப்பும் கூடும்போது, சற்றுமுன் விட்டுவந்த செல்லிடமே நிசின் திரும்பிப் போய் ஒட்டிக்கொள்கிறது.

மருந்தாகாமல் போனதற்கும் இதுவே முக்கியக் காரணம். நம் ரத்தத்தின் பிஎச் 7.4. அங்கே அது கரையவும் மாட்டாது, நிலைத்து நிற்கவும் மாட்டாது. வாய்வழியாகக் கொடுத்தால் குடலின் நொதிகள் அறுத்துவிடும். மருந்துக்குக் குறையாக இருந்த இந்த அறுபடுதலே உணவுக்கு நிறைவாக அமைந்தது: சாப்பிட்டபின் அது மற்றப் புரதம்போலச் செரித்துவிடுகிறது.

செல்லையே பிடிபொருளாக்கும் இந்த முறையை 1992-இல் அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தில் யாங், ஜான்சன், ரே ஆகிய மூவர் வெளியிட்டார்கள். அவர்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. செல்லோடு ஒட்டுவதால் விளைச்சல் குறைகிறதே என்று மற்றவர்கள் வருந்திய அதே இயல்பை, வேலைக்காரனாக்கிக்கொண்டார்கள். விலையுயர்ந்த ரெசின் வாங்க முடியாத கல்லூரி ஆய்வகத்துக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ரெசின் குடுவைக்குள்ளேயே வளர்ந்திருக்கிறது.

பழைய வழி அம்மோனியம் சல்பேட். அதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இன்றும் பல ஆய்வேடுகளில் அதுதான் முதல் படி. உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கினால் புரதம் நீரை இழந்து திரளும். அதோடு ஊடகத்தில் நாம் போட்ட பெப்டோனும் திரளும். இறைச்சியையும் சோயாவையும் நொதியால் அறுத்துச் செய்த பெப்டோனில் நிசின் அளவேயுள்ள துண்டுகள் எக்கச்சக்கம். அவையெல்லாம் கூடவே வரும். இன்னொரு தந்திரமும் நடக்கும். நிசின்போன்ற, நீரை வெறுக்கும் பகுதிகள் கொண்ட பெப்டைடுகள் உப்பு நிறைந்த நீரில் அடியில் இறங்காமல் மேலே மிதக்கும். சுழற்றி எடுத்த குழாயைப் பாருங்கள். அடியில் மங்கலான ஒரு படிவு. மேலே, நீர்மட்டத்தை ஒட்டிக் குழாயின் சுவரில், பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான ஏடு. அடியில் இருப்பதைக் காக்கப் பழகிய கை, மேல்நீரோடு அந்த ஏட்டையும் கொட்டிவிடும். உண்மையில் பெப்டைடில் பெரும்பங்கு அந்த ஏட்டில் இருக்கும். அதை ஸ்பாச்சுலாவால் வழித்தெடுக்க வேண்டும். பெரிய தொழிற்சாலைகளும் மிதக்கும் இந்தக் குணத்தைப் பயன்படுத்தியிருக்கின்றன: காற்றைச் செலுத்தி நுரைக்கவைத்து, நுரையில் ஏறும் நிசினைச் சேர்த்து, உப்பால் திரட்டி, தெளித்து உலர்த்துவார்கள்.

தாளின் வரிக்குத் திரும்பினால், ஓர் எச்சரிக்கை. காரத்தைச் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே விட வேண்டும். ஒரே இடத்தில் மொத்தமாக ஊற்றினால் அந்த இடத்தில் பிஎச் 9, 10 என்று எகிறும். நீர் இழந்து வளையத்தில் சேராமல் நிற்கும் மூன்று இடங்கள் நிசினில் உண்டு. காரத்தில் முதலில் தாக்கப்படுபவை அவையே.

«கழுவுக. உப்பு நீரில் கலக்கி, பிஎச் 2-க்கு இறக்குக. 4 டிகிரியில் ஒரு மணி கலக்குக. சுழற்றுக. இப்போது படிவைக் கொட்டுக, மேல்நீரைக் காக்க.»

கழுவுவது பிஎச் 6.5-இல் உள்ள மெல்லிய பாஸ்பேட் நீரால். ஊடகத்தின் பழுப்பு நிறம் போய்ப் படிவு பாலேடு நிறத்துக்கு வரும் வரை. ஊடகத்தின் பெப்டோன் எல்லாம் இந்தக் கழுவலில் போய்விடுகிறது. அம்மோனியம் சல்பேட்டால் செய்ய முடியாத வேலை இது. வடிநீரை நம்பி இங்கே பயன்படுத்தாதீர்கள். காற்றிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துக்கொண்ட வடிநீர் அமிலத்தன்மையோடு இருக்கும். காக்க வேண்டியது கழுவலோடு போகும்.

பிறகு உப்பும் அமிலமும். 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, பிஎச் 2. அமிலம் சுவரின் கார்பாக்ஸில்களுக்குப் புரோட்டானைக் கொடுத்து அவற்றின் எதிர்மின்னூட்டத்தை அணைக்கிறது. அணையாமல் மிஞ்சும் பாஸ்பேட்டுகளை உப்பின் சோடியம் மறைக்கிறது. பிடிக்க ஒன்றும் இல்லாத நிலையில், பிஎச் 2-இல் தாராளமாகக் கரையக்கூடிய நிசின் நீருக்கு வந்துவிடுகிறது. அமிலம் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். வரும், ஆனால் குறைவாக வரும். உப்பை மறந்த நாள்களில் செல்லோடு ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது.

செறிவு உண்டாவதும் இந்த வரியில்தான். ஒரு லிட்டர் ஊடகத்தில் பரவிக் கிடந்ததை 20 மில்லிக்குள் இறக்கிவிடலாம். படிவு கட்டியாக இருந்தால் பைப்பெட்டால் மெதுவாக உறிஞ்சி விட்டுக் குலைக்க வேண்டும். கட்டியின் உட்புறத்துச் செல்களுக்கு அமிலம் போய்ச் சேராது. ஒரு மணிக்குப் பதில் ராத்திரி முழுதும் விட்டாலும் குற்றமில்லை, ஆனால் குளிரிலேயே விட வேண்டும், இல்லாவிட்டால் செல்லுக்குள் இருக்கும் மற்றப் புரதங்களும் கசிந்து சேரும்.

அந்த 1992 கட்டுரையில் நிசினும், பீடியோசின் என்ற வேறொரு பெப்டைடும் இம்முறையில் 90 சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைத்தன. சாகாசின்-ஏ என்ற மூன்றாவது பெப்டைடு பாதிகூடக் கிடைக்கவில்லை. இதைக் கடைசி வரியில் மறுபடி எடுத்துக்கொள்வோம்.

«தட்டில் சோதிக்க. அமிலத்தைச் சந்தேகிக்க, பெராக்ஸைடைச் சந்தேகிக்க, ஃபேஜைச் சந்தேகிக்க.»

மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் கலந்த அகாரைத் தட்டில் ஊற்றி, இறுகியபின் குழிகள் வெட்டி, நம் சாற்றை அவற்றில் இடுகிறோம். உடனே இன்குபேட்டரில் வைக்காமல், சில மணி நேரம் குளிரில் வைக்க வேண்டும். பாக்டீரியா எழுமுன் பெப்டைடு அகாருக்குள் பரவட்டும். அகாரில் ட்வீன் 20 சேர்த்தால் பரவல் சீராகும். மறுநாள் தட்டு முழுவதும் எலுமிச்சை மஞ்சளில் வளர்ந்திருக்கும். குழியைச் சுற்றி மட்டும், விளிம்பு தெளிவான ஒரு வட்டம், ஒன்றும் வளராமல், அடியில் வைத்த காகிதத்தின் எழுத்து தெரியும்படி இருக்கும்.

அந்த வட்டம் எதனால் வந்தது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் வெளியாகும் கட்டுரைகள் ஏராளம். அது எனக்கு உண்மையான வருத்தம். லாக்டிக் பாக்டீரியாவின் சாறு எதுவானாலும் வட்டம் போடும், ஏனென்றால் அமிலமே கொல்லும். நம் சாறோ பிஎச் 2-இல் இருக்கிறது. ஆகவே பெப்டைடு இல்லாத அதே அமில உப்பு நீரைப் பக்கத்துக் குழியில் இட வேண்டும். நிசின் அளவீட்டுக்கு நீர்த்தல் எல்லாம் 0.02 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செய்வது வழக்கம். அதையும் தனியாக ஒரு குழியில் வைக்க வேண்டும். பெராக்ஸைடுக்குக் கேட்டலேஸ் நொதி சேர்த்துப் பார்க்க வேண்டும். புரதம் அறுக்கும் நொதியைச் சேர்த்தால் வட்டம் மறைய வேண்டும். மறைந்தால்தான் கொன்றது பெப்டைடு. கைமோட்ரிப்சின் நிசினை அறுக்கும். ட்ரிப்சினை மட்டும் நம்பிச் சோதித்து, வட்டம் மறையவில்லை, ஆகவே பெப்டைடு இல்லை என்று முடிவுகட்டினால் தவறாகும். வளையங்கள் ட்ரிப்சினைத் தாங்கி நிற்கின்றன.

ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். அதுவும் வெற்றிடம் உண்டாக்கும். பிரித்தறிய எளிய வழி, நீர்த்துப் பார்ப்பது. நீர்க்க நீர்க்கப் பெப்டைடின் வட்டம் சுருங்கி, மங்கி, இல்லாமல் போகும். ஃபேஜ் அப்படி மங்காது. தனித்தனிச் சிறு புள்ளிகளாகப் பிரியும், ஏனெனில் ஒவ்வொரு துகளும் தானே பெருகுகிறது.

வட்டத்தின் அளவிலும் கவனம் வேண்டும். விட்டம், செறிவின் மடக்கைக்கு ஏற்பத்தான் கூடும். செறிவு இருமடங்கானால் வட்டம் இருமடங்காகாது. ஓரிரு மில்லிமீட்டர் கூடும். வெர்னியர் கொண்டு அளக்கச் சொல்வது அதனால்தான். சிறிய பெப்டைடு வேகமாகப் பரவும், பெரியது தங்கும். ஆகவே இரு வேறு பெப்டைடுகளின் வட்டங்களை அருகருகே வைத்து எது வலியது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மைக்ரோகாக்கஸைத் தேர்ந்ததன் காரணம், அது நிசினுக்கு மிக எளிதில் மடியும். பாக்டீரியா தன் சுவரைக் கட்ட, லிப்பிட்-2 என்ற மூலக்கூற்றில் சுவரின் செங்கல்லைச் சுமந்து சவ்வைக் கடத்துகிறது. நிசினின் முதல் இரண்டு வளையங்கள் அந்த லிப்பிட்-2-இன் பைரோபாஸ்பேட்டைக் கூண்டுபோலச் சூழ்ந்துகொள்கின்றன. சுவர் வேலை நிற்கிறது. அதோடு முடியவில்லை, எட்டு நிசினும் நான்கு லிப்பிட்-2-உம் சேர்ந்து சவ்வில் துளை போடுகின்றன. இரு வழியில் ஒரே நேரத்தில் தாக்குவதால் மிகக் குறைந்த அளவே போதுமாகிறது. ஈ.கோலையை வைத்துச் சோதித்து வட்டம் வராமல் திகைத்தவர்கள் உண்டு. அதற்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருக்கிறது. லிப்பிட்-2 இருக்குமிடத்துக்கு நிசினால் போக முடியாது. ஈடிடிஏ சேர்த்து வெளிச்சவ்வைத் தளர்த்தினால் அதுவும் மடியும்.

«நெடுவரிசை. 280-இல் பார்க்கற்க. நிறை 3354.»

நேர்மின்னூட்டமுள்ளதைப் பிடிக்கும் நெடுவரிசை முதலில், பிறகு சி-18. அசிட்டோநைட்ரைலைப் படிப்படியாகக் கூட்டினால் நிசின் தனியே இறங்கும். இது எல்லாருக்கும் தெரிந்த வேலை. வரியின் நடுப்பகுதிக்குத்தான் உரை வேண்டும்.

புரதம் வெளியேறுவதை 280 நானோமீட்டர் ஒளியில் பார்ப்பது வழக்கம். அந்த ஒளியை உறிஞ்சுபவை டிரிப்டோஃபானும் டைரோசினும். நிசினின் 34 இடங்களில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. 280-இல் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கோடு நேராகவே போகும். ஒன்றும் வரவில்லை என்று குழாயைக் கொட்டிவிடுவார். 214 அல்லது 220-இல் பார்க்க வேண்டும். அது பெப்டைடுப் பிணைப்பையே காணும். இதுபோன்ற காரணத்தால், புரத அளவீட்டுக்கான பிராட்ஃபோர்டு சாயத்தாலும் அளக்காதீர்கள். அது முக்கியமாக ஆர்ஜினினைப் பற்றும், நிசினில் ஆர்ஜினினும் கிடையாது.

நிறை 3354 டால்டன். 1971-இல் கிராஸும் மொரெல்லும் நிசினின் அமைப்பை முழுதாக எழுதினார்கள். நீர் உருவப்படாத வெறும் சங்கிலியாக இருந்திருந்தால் 3498 வந்திருக்கும். வேறுபாடு 144, எட்டு நீர் மூலக்கூறுகள். நீரை உருவிய நிஸ்-பி செய்த வேலை தராசில் தெரிகிறது. 3370 வந்தால் ஒரு மெத்தியோனின் ஆக்ஸிஜனேற்றம் அடைந்திருக்கிறது. 3372 என்றால் எங்கோ ஒரு நீர் திரும்ப ஏறியிருக்கிறது. அமிலத்திலோ காரத்திலோ அதிகநேரம் வைத்தோம் என்று பொருள். 3331 வந்தால் பதற வேண்டாம். அது நிசின்-இசட், 27-ஆம் இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் அஸ்பரஜின் உள்ள இயற்கை வகை.

«அமிலத்தில், குளிரில் வைக்க. கணக்கை அலகில் எழுதுக.»

அமிலம், குளிர் இரண்டுக்கும் காரணம் மேலே வந்துவிட்டது. கணக்கு மட்டும் பாக்கி. தூய நிசின் ஒரு கிராமில் 4 கோடி சர்வதேச அலகுகள். டோர்செட்டின் பீமின்ஸ்டரில் ஆப்லின் அண்ட் பாரெட் நிறுவனம் 1950-களில் விற்பனைக்குக் கொண்டுவந்த நிசாப்ளின் பொடியில் ஒரு கிராமுக்கு 10 லட்சம். அதாவது தூய நிசின் 2.5 சதவீதம், மிச்சத்தில் பெரும்பகுதி உப்பும் கொஞ்சம் பாற்பொருளும். வாங்கிய பொடியை எடைபோட்டு 'நிசின் ஒரு மில்லிகிராம்' என்று எழுதினால் 40 மடங்கு பிழை. அனுமதி அளவான கிலோ சீஸுக்கு 12.5 மில்லிகிராம் என்பது தூய நிசினின் கணக்கு; 5 லட்சம் அலகு; பொடியாகப் போட்டால் அரை கிராம்.

«வேறு பெப்டைடுக்கு இத்தாளை அப்படியே எடுக்கற்க.»

பீடியோசினுக்கு 44 அமினோ அமிலங்கள். நிசினின் வளையங்கள் அதில் இல்லை, சிஸ்டீன்கள் இரண்டிரண்டாகப் பிணைந்து நிற்கின்றன. டிரிப்டோஃபானும் டைரோசினும் உண்டு, எனவே 280-இல் தெரியும். எண்டெரோகாக்கஸ் சுரக்கும் ஏஎஸ்-48-க்கு 70 அமினோ அமிலங்கள், தலையும் வாலும் இணைந்த முழு வட்டம். பெனிபேசில்லஸ் தரும் பாலிமிக்சின் ரைபோசோமில் உருவாவதே இல்லை. நிசினுக்கு மாறாக அது ஈ.கோலை வகையையே கொல்லும். சாகாசின்-ஏ அமிலத்திலும் செல்லை முழுதாக விட்டுவருவதில்லை.

ஆகவே புதிய பெப்டைடு கையில் வந்தால் முதல் வேலை ஒரு சிறு சோதனை. கொன்ற செல்களோடு கூடிய ஊடகத்தைச் சிறுகுழாய்களில் பிரித்து, பிஎச்சை 2-இலிருந்து 8 வரை அரை அலகு வித்தியாசத்தில் வைத்து, அரை மணி கலக்கிச் சுழற்றி, ஒவ்வொன்றின் மேல்நீரையும் தட்டில் சோதிக்க வேண்டும். எந்த பிஎச்சில் மேல்நீரின் வட்டம் மிகச் சிறியதோ, அங்கே பெப்டைடு செல்லைப் பற்றியிருக்கிறது. எதில் மிகப் பெரியதோ, அங்கே விட்டிருக்கிறது. அந்த இரண்டு எண்களைக் கண்டபின் இந்தத் தாளின் ஐந்தாம் வரியிலும் ஆறாம் வரியிலும் 6.5-ஐயும் 2-ஐயும் அடித்துவிட்டு அவற்றை எழுதிக்கொள்ளலாம்.